கனடாக் காலாட்படைப் பட்டாலியன் ஒன்றின் போர்க்கால வரலாற்றைத் தேடுவது எப்படி: 85ஆம் பட்டாலியனை வைத்து ஒரு வழிகாட்டி

பதக்கத்தின் விளிம்பில் பொறித்த ஓர் எண், ஊர் நடுவே நிற்கும் நினைவுத் தூணில் ஒரு பெயர், தொப்பிச் சின்னம் மங்கலாகத் தெரியும் ஒரு புகைப்படம். முதல் உலகப் போரில் பணியாற்றிய கனடாப் பட்டாலியனைத் தேடுகிறவர்களின் கையில் தொடக்கத்தில் இவற்றில் ஒன்றுதான் இருக்கும். பட்டாலியன் எண்ணை இணையத்தில் தட்டி, அது போரிட்ட இடங்களின் பட்டியலை எடுத்து, "இவர் விமியில் போரிட்டார், பாஷண்டேலில் போரிட்டார்" என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதியவற்றில் பல தவறு. அந்த ஆள் அந்த நாளில் அந்தப் பட்டாலியனில் இருந்தாரா என்பதைத் தேதியோடு நிறுவாமல் எந்தச் சண்டையையும் அவர் கணக்கில் சேர்க்கக் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தத் தேதிகளைப் பிடிப்பதற்கானவை. வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

எடுத்துக்காட்டுக்குக் கனடாவின் கிழக்குக் கரை மாகாணமான நோவா ஸ்கோஷியாவின் 85ஆம் பட்டாலியனை எடுத்துக்கொள்வோம். தேடுகிறவர் சறுக்கும் இடங்கள் அதன் கதையில் நிறைய உண்டு.

1. முதலில் சேவை எண்

பெயரை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள். மக், மாக் என்று தொடங்கும் ஸ்காட்டியப் பெயர்களை எழுத்தர்கள் தோன்றியபடி எழுதியிருக்கிறார்கள். சிலர் பொய்ப் பெயரிலும் சேர்ந்தார்கள். சேவை எண் இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

எண் கிடைக்கும் இடங்கள்: பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பு, 1914-15 நட்சத்திரப் பதக்கத்தின் பின்புறம், கல்லறைக் கல், பட்டாலியன் கப்பலேறியபோது அச்சிட்ட பெயர்ப் பட்டியல். இந்தக் கப்பல் பட்டியலில் எண், பதவி, பெயர், முன்பு இருந்த படை, நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும், பிறந்த நாடு, சேர்ந்த இடம், சேர்ந்த தேதி எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பெயர் மட்டும் தெரிந்தவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

எண்ணைப் பார்த்தே சிலவற்றை ஊகிக்கலாம். ஒவ்வொரு பட்டாலியனுக்கும் ஒரு தொடர் எண் வரிசை ஒதுக்கப்பட்டது. ஆகவே எண், அவர் முதலில் சேர்ந்த பட்டாலியனைக் காட்டும். பிறகு எந்தப் பட்டாலியனுக்கு மாற்றினாலும் எண் மாறாது. முப்பது இலட்சம் என்று தொடங்கும் ஏழு இலக்க எண் என்றால், 1917இன் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தில் வந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: அதிகாரிகளுக்குச் சேவை எண் கிடையாது. லெப்டினன்ட், கேப்டன் என்று தெரிந்த ஒருவருக்கு எண் தேடி நாட்களை வீணாக்க வேண்டாம். ஆனால் சிப்பாயாகச் சேர்ந்து பிறகு அதிகாரி ஆனவருக்குப் பழைய எண் இருக்கும்.

2. பணிக் கோப்பை இறக்குங்கள்

ஒட்டாவாவில் உள்ள கனடா நூலக ஆவணக் காப்பகம், கனடியப் படையெடுப்புப் படையின் (முதல் உலகப் போருக்காகக் கடல் கடந்து அனுப்பிய கனடாப் படை) ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட பணிக் கோப்புகளை மின்படியாக்கி முடித்தது 2018இல். எல்லாம் இலவசம். பதிவு செய்ய வேண்டாம், கனடாவில் இருக்கவும் வேண்டாம். எண் தெரிந்தால் பத்து நிமிடத்தில் கோப்பு உங்கள் கணினியில் இருக்கும். இதையே காசுக்கு விற்கும் தளங்களும் உண்டு. அவற்றுக்குப் பணம் கட்ட எந்தத் தேவையும் இல்லை.

கோப்பு சில டஜன் பக்கங்கள் வரும். மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தவர்களின் கோப்பு இன்னும் தடிமன். பலர் முதல் இரண்டு பக்கமான உறுதிமொழிப் படிவத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதில் பிறந்த இடம், தொழில், உயரம், கண் நிறம், மதம், கையெழுத்து எல்லாம் இருப்பதால் ஆளையே பார்த்துவிட்ட உணர்வு வரும். ஆனால் அது அவர் சேர்ந்த நாளின் படம் மட்டும். போர் பற்றி அதில் ஒரு சொல் கூட இல்லை. அதில் உள்ள பிறந்த தேதியையும் அப்படியே நம்பாதீர்கள். வயது குறைந்தவர்கள் கூட்டியும், கூடியவர்கள் குறைத்தும் சொன்னார்கள். கட்டாயச் சேர்ப்பில் வந்தவர்களுக்கு இதே படிவம் இராது, வேறொரு விவரப் படிவம் இருக்கும். "படிவம் காணவில்லை" என்று நினைத்துவிட வேண்டாம்.

3. பி.103 படிவம்: முழு நாளையும் இதற்குக் கொடுங்கள்

கோப்பில் "கேஷுவல்டி ஃபார்ம், ஆக்டிவ் சர்வீஸ்" என்ற தலைப்பில் ஒரு படிவம் இருக்கும். மூலையில் பி.103 என்று அச்சிட்டிருப்பார்கள். கேஷுவல்டி என்ற சொல்லைப் பார்த்துக் காயம்பட்டவர்களுக்கு மட்டுமானது என்று தாண்டிப் போகாதீர்கள். இடமாற்றம், விடுப்பு, பதவி உயர்வு, தண்டனை, மருத்துவமனை எல்லாம் இதில்தான் வரிசையாகப் பதிந்திருக்கும். பட்டாலியன் வரலாற்றோடு ஒரு ஆளைக் கட்டும் கயிறு இந்த ஒரு படிவம்.

இதில் இரண்டு தேதி நிரல்கள் உண்டு. இடது ஓரத்தில் இருப்பது, செய்தி அறிக்கையாக வந்த தேதி. வலப்பக்கம் இருப்பது நிகழ்வு நடந்த தேதி. இரண்டுக்கும் இடையில் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை இடைவெளி இருக்கும். இடது நிரலை எடுத்துக்கொண்டால், காயம்பட்ட மனிதரை அவர் மருத்துவமனையில் படுத்திருந்த வாரத்தில் சண்டைக்கு அனுப்பிவிடுவீர்கள். மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான்.

சுருக்கக் குறிகள் முதலில் மிரட்டும். இவற்றைத் தெரிந்துகொண்டால் முக்கால்வாசிப் படிவம் புரிந்துவிடும்:

- டி.ஓ.எஸ்.: அந்த அலகின் (படைப்பிரிவின்) கணக்கில் சேர்க்கப்பட்டார். எஸ்.ஓ.எஸ்.: கணக்கிலிருந்து நீக்கப்பட்டார். நமக்கு வேண்டிய தேதிகள் இவை.
- கே.ஐ.ஏ.: சண்டையில் கொல்லப்பட்டார். டி.ஓ.டபிள்யூ.: காயத்தால் பிறகு இறந்தார்.
- ஜி.எஸ்.டபிள்யூ.: நேர்ப்பொருள் துப்பாக்கிக் குண்டுக் காயம். ஆனால் ஷெல் சிதறல் பட்டாலும் பெரும்பாலும் இதையே எழுதினார்கள். "துப்பாக்கியால் சுடப்பட்டார்" என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.
- சி.சி.எஸ்.: போர்முனைக்குச் சற்றுப் பின்னால் இருந்த அறுவை நிலையம். முன்னால் வரும் எண் எந்த நிலையம் என்று சொல்லும்.
- பி.யு.ஓ.: காரணம் தெரியாத காய்ச்சல். பதுங்கு அகழிக் காய்ச்சல் பலருக்கு இப்படித்தான் பதிவானது.
- வி.டி.ஜி., வி.டி.எஸ்.: பாலியல் நோய்கள். குடும்பத்தாருக்குச் சொல்லும் முன் யோசித்துச் சொல்லுங்கள்.
- எஃப்.பி. எண் 1: களத் தண்டனை.

ஒரு தாளை எடுத்து மூன்று நிரல் போடுங்கள்: எந்த அலகு, எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை. மருத்துவமனை, விடுப்பு, பயிற்சி வகுப்பு நாட்களையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

4. சேர்ந்த பட்டாலியன் வேறு, போரிட்ட பட்டாலியன் வேறு

கனடா 260 எண்கள் வரை பட்டாலியன்களை அமைத்தது. பிரான்சிலும் ஃபிளாண்டர்ஸிலும் நான்கு டிவிஷன்களில் ஒரே நேரத்தில் நின்ற காலாட்படைப் பட்டாலியன்கள் 48 மட்டுமே: பட்டாலியன் நான்கு சேர்ந்தால் ஒரு பிரிகேட், பிரிகேட் மூன்று சேர்ந்தால் ஒரு டிவிஷன். எண் இல்லாத ராயல் கனடியன் ரெஜிமென்ட், பிரின்சஸ் பெட்ரீஷியாவின் படை, நான்கு மவுண்டட் ரைஃபிள்ஸ் பட்டாலியன்கள் எல்லாம் அந்த 48இல் அடக்கம். மற்றவை பெரும்பாலும் இங்கிலாந்தில் இறங்கியதும் கலைக்கப்பட்டு, ஆட்கள் ஏற்கெனவே களத்தில் இருந்த பட்டாலியன்களின் வெற்றிடங்களை நிரப்ப அனுப்பப்பட்டார்கள்.

நோவா ஸ்கோஷியா ஹைலண்ட் பிரிகேட்டைப் பாருங்கள். 85, 185, 193, 219 என்ற நான்கு பட்டாலியன்களும் 1916 அக்டோபரில் ஹாலிஃபாக்ஸிலிருந்து 'ஒலிம்பிக்' கப்பலில் புறப்பட்டன. இங்கிலாந்தில் அந்த பிரிகேட் உடைக்கப்பட்டது. 193ம் 219ம் கலைந்தன. 185 இங்கிலாந்திலேயே ஐந்தாம் டிவிஷனில் வைக்கப்பட்டது. அந்த டிவிஷன் பிரான்சுக்குப் போகாமலே 1918 தொடக்கத்தில் கலைந்தது. பட்டாலியனாகப் பிரான்சை அடைந்தது 85 மட்டும்தான், 1917 பிப்ரவரியில். ஆகவே "தாத்தா 219இல் இருந்தார்" என்று குடும்பத்தில் சொன்னால், அவருடைய போர் 219இன் ஆவணங்களில் இருக்காது. பி.103இல் 17ஆம் ரிசர்வ் (களத்துக்கு ஆட்களை அனுப்ப இங்கிலாந்தில் இருந்த சேமப் பட்டாலியன்) என்று வருகிறதா, அங்கிருந்து எங்கே போனார் என்று பாருங்கள்.

சீக்கியச் சிப்பாய் புக்கம் சிங்கின் பதிவும் இதே மாதிரிதான். ஒன்டாரியோவின் ஸ்மித்ஸ் ஃபால்ஸில் 1915இல் அவர் சேர்ந்தது 59ஆம் பட்டாலியன். ஃபிளாண்டர்ஸில் போரிட்டது 20ஆம் பட்டாலியனில். 59ஐ மட்டும் தேடியிருந்தால் அவரைப் பற்றி எதுவும் கிடைத்திருக்காது.

எந்தப் பட்டாலியன் எப்போது அமைந்தது, எப்போது கலைந்தது, இன்று எந்த ரெஜிமென்ட் அதன் பெயரையும் போர்க் கௌரவங்களையும் சுமக்கிறது என்பதைப் பாதுகாப்புத் துறையின் வரலாறு மரபு இயக்ககம் வெளியிடும் அதிகாரபூர்வ வம்சாவளிப் பட்டியலில் பார்க்கலாம். 85இன் மரபை இன்று கேப் பிரெட்டன் ஹைலண்டர்ஸ் சுமக்கிறது. இதோடு, காப்பகம் தயாரித்த அலகு வாரியான ஆவண வழிகாட்டி ஒன்றும் இலவசமாகக் கிடைக்கும். அதில் உங்கள் பட்டாலியனின் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்; எந்தக் கோப்பு எந்தத் தொகுதியில் என்ற குறிப்பு அங்கேதான் இருக்கிறது.

5. போர் நாட்குறிப்பு

களத்தில் இருந்த ஒவ்வோர் அலகும் நாள்தோறும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. பட்டாலியனில் பெரும்பாலும் அட்ஜுடன்ட் (தளபதியின் நிர்வாக உதவி அதிகாரி) எழுதுவார். காப்பகத்தில் இவை ஆர்.ஜி. 9 தொகுப்பில் இருக்கின்றன. இவையும் மின்படியாக்கப்பட்டவை, இலவசம்.

தேடலில் "85ஆவது கனடியக் காலாட்படைப் பட்டாலியன்" என்று ஆங்கிலத்தில் கொடுத்தால் தேதி வரிசையில் சில பகுதிகள் வரும். பக்கங்கள் வெறும் படங்கள். உள்ளே சொல்லைத் தேட முடியாது. ஆகவே உங்கள் மூன்று நிரல் தாளில் உள்ள தேதிகளுக்கு நேராகப் போங்கள். ஒரு மாதத்தைப் பின்னிணைப்புகளோடு கவனமாகப் படிக்க ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள்.

சாதாரணச் சிப்பாயின் பெயர் இதில் வராது. அதிகாரிகளைப் பெயரோடும் மற்றவர்களை "ஓ.ஆர்." என்று எண்ணிக்கையாகவும் எழுதுவார்கள்: இரண்டு ஓ.ஆர். இறப்பு, ஒன்பது ஓ.ஆர். காயம். உங்கள் ஆள் அந்த ஒன்பதில் ஒருவர் என்று காட்டுவது பி.103இன் தேதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் வரலாறு கையில் கிடைக்கும்.

பின்னிணைப்புகளை விடாதீர்கள். தாக்குதல் உத்தரவு, கையால் வரைந்த வரைபடம், சண்டைக்குப் பிந்திய அறிக்கை, சில மாதங்களில் பெயரோடு கூடிய இழப்புப் பட்டியல் எல்லாம் மாதக் கடைசியில் தைத்திருக்கும். நாட்குறிப்பில் மூன்று வரியில் முடிந்த சண்டைக்குப் பின்னிணைப்பில் பல பக்க விவரம் இருக்கலாம். பெரிய சண்டை நாட்களில் எழுத நேரமிருந்திருக்காது. பிறகு சேர்த்து எழுதியிருப்பார்கள். நேரமும் இடமும் முரண்பட்டால் மேலே உள்ள பிரிகேட்டின் நாட்குறிப்போடு ஒப்பிடுங்கள்.

அதிலும் எந்த பிரிகேட் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். 85ஆம் பட்டாலியன் 12ஆம் பிரிகேட்டைச் சேர்ந்தது என்றுதான் எல்லாக் குறிப்புகளிலும் இருக்கும். ஆனால் 1917 ஏப்ரல் 9 மாலை விமி மேட்டின் 145ஆம் குன்றில் 85இன் 'சி', 'டி' கம்பெனிகள் (பட்டாலியனின் உட்பிரிவுகள்) தாக்கியபோது அவற்றை அனுப்பியது 11ஆம் பிரிகேட். காலையில் அங்கே தடுக்கப்பட்ட தாக்குதலை முடிக்க அவர்கள் அழைக்கப்பட்டார்கள். திட்டமிட்ட பீரங்கித் துணை கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டும் முன்னேறினார்கள். 12ஆம் பிரிகேட்டில் கலைக்கப்பட்ட 73இன் இடத்தை 85 பிடித்தது அதற்குப் பிறகுதான். ஆகவே அந்த மாலையின் உத்தரவுகளை 11ஆம் பிரிகேட்டின் நாட்குறிப்பில் தேட வேண்டும். 1917 அக்டோபர் 30 அன்று பாஷண்டேலில் 72, 78ஆம் பட்டாலியன்களுடன் சேர்ந்து 85 தாக்கியதற்கு 12ஆம் பிரிகேட்டைப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஒருவர் பட்டாலியன் கணக்கில் இருந்தார் என்பதாலேயே தாக்குதலில் இறங்கினார் என்று ஆகாது. பெரிய தாக்குதலுக்கு முன் பட்டாலியனில் ஒரு பகுதியைப் பின்னால் நிறுத்தி வைப்பார்கள், எல்லோரும் அழிந்தால் மீண்டும் கட்டியெழுப்ப. சமையல், குதிரை வண்டி, பிரிகேட் அலுவலகம் என்று வேறு வேலையில் இருந்தவர்களும் உண்டு. சான்று இல்லாத இடத்தில் "அப்போது அவருடைய பட்டாலியன் அங்கே இருந்தது" என்று மட்டும் எழுதுங்கள்.

6. வரைபடக் குறியைப் படிப்பது

நாட்குறிப்பில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக 28.டி.12.ஏ.3.7 மாதிரி ஒரு குறி வரும். இதைத் தாண்டிப் போகாதீர்கள். இது இடத்தைச் சில பத்து மீட்டருக்குள் சொல்கிறது.

28 என்பது வரைபடத் தாள். ஈப்ரைச் சுற்றிய பகுதி 28, விமி-லான்ஸ் பகுதி 36சி, அராஸ் பகுதி 51பி. டி என்பது 6,000 கெஜம் அகலமுள்ள பெரிய கட்டம். அதற்குள் 1,000 கெஜச் சதுரங்கள், வரிசைக்கு ஆறாக 36 வரை (சில கட்டங்களில் 30 வரை) எண்ணிடப்பட்டிருக்கும். 12 என்பது இரண்டாம் வரிசையின் கிழக்குக் கோடி. அந்தச் சதுரத்தை நான்காக வெட்டினால் மேலே இடம் ஏ, மேலே வலம் பி, கீழே இடம் சி, கீழே வலம் டி. கடைசியில் 3.7: அந்தக் கால்சதுரத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து முதலில் கிழக்கே மூன்று பங்கு, பிறகு வடக்கே ஏழு பங்கு. ஒரு பங்கு 50 கெஜம். ஆக 150 கெஜம் கிழக்கு, 350 கெஜம் வடக்கு. வரிசையைத் திருப்பிப் போட்டால் எதிரியின் அகழிக்குள் போய் நிற்பீர்கள்.

வரைபடங்கள் மக்மாஸ்டர் பல்கலைக்கழக நூலகத்திலும் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்திலும் இலவசம். பின்னதில் இன்றைய வரைபடத்தின் மேல் படியவைத்துப் பார்க்கலாம். பெரும்பாலான தாள்களில் ஜெர்மன் அகழிகள் சிவப்பு, பிரிட்டிஷ் அகழிகள் நீலம். 1918இல் இது தலைகீழானது. தாளின் தேதியைப் பார்க்காமல் நிறத்தை நம்ப வேண்டாம்.

7. இறந்தவர் என்றால்

காப்பகத்தின் "இறப்புச் சூழல்" பதிவேட்டை முதலில் பாருங்கள். எங்கே, எப்படி என்று ஓரிரு வரி இருக்கும். பிறகு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளமும் கனடா மெய்நிகர் போர் நினைவகமும். இரண்டும் இலவசம். குடும்பங்கள் ஏற்றிய படங்களும் நாளிதழ்த் துண்டுகளும் பின்னதில் இருக்கும்.

கல்லறை இல்லையென்றால் தேடல் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிரான்சில் இறந்து உடல் அடையாளம் காணப்படாதவர்களுடைய 11,285 பெயர்கள் விமி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டன. பெல்ஜியத்தில் இறந்தவர்களுக்கு ஈப்ரின் மெனின் வாயில். எந்த நாட்டில் இறந்தார் என்பதைப் பொறுத்தே எந்தச் சுவர் என்று தெரியும்.

முதல் உலகப் போரில் நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்டில் இருந்தவரைக் கனடியப் படைக் கோப்புகளில் தேடாதீர்கள். நியூஃபவுண்ட்லாந்து கனடாவில் சேர்ந்தது 1949இல்தான். அவர்களுக்கு செயின்ட் ஜான்ஸில் உள்ள 'தி ரூம்ஸ்' காப்பகம்.

8. ஒட்டாவாவுக்கு நேரில் போக வேண்டுமா?

ஒரு ஆளுக்காக என்றால் தேவையில்லை. பட்டாலியனின் கடிதப் போக்குவரத்து, பணியாளர் உத்தரவுகள் வேண்டும் என்றால் போகலாம். வெலிங்டன் தெரு 395. வாசகர் அட்டை இலவசம். ஆனால் பெட்டிகள் வேறு கட்டடத்திலிருந்து வர வேண்டும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே தொகுதி எண்ணோடு கேட்டு, வந்து சேர்ந்ததை உறுதி செய்யுங்கள். பென்சில் மட்டும் அனுமதி. ஃபிளாஷ் இல்லாமல் நீங்களே படம் எடுத்தால் நகல் கட்டணம் மிச்சம்.

9. இரண்டாம் உலகப் போர் என்றால் கணக்கே வேறு

இங்கே பட்டாலியன்களுக்கு எண் இல்லை, ரெஜிமென்ட் பெயர்தான். சேவை எண்ணின் முன்னால் உள்ள எழுத்து, சேர்ந்த மாவட்டத்தைச் சொல்லும்: பி டொராண்டோ, டி மாண்ட்ரியல், எஃப் நோவா ஸ்கோஷியா, எச் வினிபெக், கே பிரிட்டிஷ் கொலம்பியா, எம் ஆல்பர்ட்டா. போர் நாட்குறிப்புகள் ஆர்.ஜி. 24இல்.

பணிக் கோப்புகள் மூன்று வகை. 1939 முதல் 1947 வரை பணியில் இறந்தவர்களுடையவை எல்லோருக்கும் திறந்தவை. இறப்புச் சான்று தேவையில்லை. பணியில் இறக்காமல், பின்னாளில் இறந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆனவர் என்றால் யாரும் கேட்கலாம், இறப்புச் சான்று வேண்டும். இருபது ஆண்டுக்குள் என்றால் நெருங்கிய குடும்பத்தாருக்கு மட்டும், அதுவும் குறைந்த அளவு விவரம். இறப்புச் சான்றோடு உறவுச் சான்றும் கேட்பார்கள்.

தகவல் அணுகல் சட்டப்படி விண்ணப்பித்தால் கட்டணம் 5 டாலர். அந்தச் சட்டப்படி கேட்கும் உரிமை கனடியக் குடிமக்கள், நிரந்தர வதிவாளர்கள், கனடாவில் அப்போது இருப்பவர்கள் ஆகியோருக்கே. சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ கேட்கிறவர் கனடாவில் உள்ள உறவினர் பெயரில் விண்ணப்பிப்பது நல்லது. சட்டம் 30 நாள் என்கிறது. மாதக்கணக்கில் ஆகும் என்றே திட்டமிடுங்கள்.

இறப்புச் சான்றாக அரசுச் சான்றிதழ்தான் வேண்டும் என்றில்லை. நாளிதழில் வந்த மரண அறிவித்தலோ கல்லறைக் கல்லின் தெளிவான படமோ போதும். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி மூன்றும் அதில் படிக்கும்படி இருக்க வேண்டும். தேதி மங்கிய கல் என்றால், பக்கவாட்டு வெயில் விழும் காலையிலோ மாலையிலோ மறுபடி எடுங்கள். விண்ணப்பம் திரும்பி வந்தால் வரிசையில் மறுபடி கடைசிக்குப் போய்விடும்.